பழைய பேர் வெட்டிய டம்ளர்

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் மருமகன் சென்னையிலிருந்து வந்தான். ஆச்சியின் மகன். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் அக்காவை ஆச்சி என்போம், தாய்மாமனை அம்மான் என்போம். வயது 34. பள்ளத்தூர் வீட்டு முகப்பில் பையை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மான், இனிமே என்னைப் பழைய பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க" என்றான். புதுப் பேர் ஒன்றும் சொன்னான். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே மாற்றிவிட்டானாம், அரசிதழில் மாற்றுவதற்கும் விண்ணப்பம் போடப் போகிறானாம்.

காபி குடித்துக்கொண்டே விவரம் சொன்னான். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பு, மூன்று நாள். கடைசி நாள் ராத்திரி எல்லோரும் அவரவர் கெட்ட பழக்கங்களையும் தோல்விகளையும் ஒரு தாளில் எழுத வேண்டும். எழுதி முடித்து, அடியில் "இவன் இன்றோடு இறந்துவிட்டான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நெருப்பில் போட வேண்டும். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, "நான் புதியவன்" என்று உரக்கச் சொல்ல, மற்றவர்கள் கை தட்டினார்களாம். "அழுதுட்டேன் அம்மான். அங்க இருந்த அத்தனை பேரும் அழுதோம்" என்றான். சொல்லும்போதே கண் கலங்கியது.

அவன் பொய் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து 47 நாளாகக் குடிக்கவில்லை. இதற்காக ஆச்சி குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் எத்தனை முறை நடந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த 47 நாளுக்காக அந்த வகுப்பை நடத்தியவர்களுக்கு என் மனதார நன்றி. ஒரு வித்தையும் அங்கே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். யாராவது குடிக்கக் கூப்பிட்டால், "விட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லக் கூடாதாம், "நான் குடிக்கிற ஆள் இல்லை" என்று சொல்ல வேண்டுமாம். இது உண்மையிலேயே வேலை செய்யும் என்று நானும் நம்புகிறேன். விட்டுக்கொண்டிருப்பவனை இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார்கள். அந்த ஆளே இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். நம் ஊரில் "எங்க வீட்டுல அது பழக்கமில்லை" என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடிப்பதும் இதே மாதிரிதான்.

ஆனால் அன்றைக்கு நான் ஒன்று கேட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கூடப் படித்த சிநேகிதனிடம் இரண்டு லட்சம் வாங்கியிருந்தான். அந்தப் பையன் தங்கச்சி கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். "அது என்னாச்சு தம்பி?" என்றேன்.

"அது பழைய நான் வாங்கினது அம்மான். அதையெல்லாம் நினைச்சா மறுபடி அந்த ஆளுக்குள்ள போயிருவேன். திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பதிவு அந்த ராத்திரியில் மனசுக்குள் எழுதியதுதான்.

பேர் மாறுவதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. என் 11 வயதில், 1974இல், என் பேரை மாற்றினார்கள். பிறந்தது நாட்டரசன்கோட்டை. பிள்ளை கூட்டி வந்தது பள்ளத்தூருக்கு. வெளியூர்க்காரர்களுக்குச் சுவீகாரம் என்றால் புரியும், நாங்கள் பிள்ளை கூட்டுவது என்போம். பிறந்த வீட்டில் நாங்கள் நாலு ஆண் பிள்ளைகள், நான் மூன்றாமவன். இங்கே ஆச்சி ஒருத்திதான், வீட்டுக்கு ஆண் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் மூத்த மகனுக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயாவின் பேரை, அதாவது அப்பாவுடைய அப்பாவின் பேரை, வைப்பது வழக்கம். ஆகவே வந்த வீட்டு ஐயாவின் பேர் எனக்கு வந்தது. அந்த இரண்டு பேரையும் இங்கே எழுத முடியாது. விலாசத்தோடு சேர்த்து எழுதினால் எந்த வளவு, எந்தப் பங்காளி என்று நம் ஆட்கள் உடனே சொல்லிவிடுவார்கள். விலாசம் என்றால் வீட்டு முகவரி இல்லை. பேருக்கு முன்னால் வரும் அப்பச்சி, ஐயா பேர்களின் முதல் எழுத்துகள். அதுவும் மாறியது.

அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். பட்டாலையில் ஜமுக்காளம் விரித்து இரண்டு பக்கத்துப் பங்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். கையில் மஞ்சள் நீர் ஊற்றினார்கள், குடித்தேன். அதன் வாசனை இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. பெற்ற அப்பச்சி என் கையைப் பிடித்து வந்த வீட்டு அப்பச்சி கையில் கொடுத்தார். அப்போது பெற்றவர் என்னைப் பார்க்கவில்லை, பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். "நான் புதியவன்" என்று யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அந்த வயதில் சொல்லத் தெரிந்திருக்கவும் மாட்டேன். என்னை மாற்றியது என் வாய்ச்சொல் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இனி இவன் இன்னார் மகன் என்று ஏற்றுக்கொண்டார்கள், அதனால் மாறினேன்.

அப்படியும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் புதுப் பேரைக் கூப்பிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன். பக்கத்துப் பையன் விலாவில் இடிப்பான். பரீட்சைத் தாளில் பழைய பேரின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு, அடித்துவிட்டுப் புதிதை எழுதுவேன். அரைப் பரீட்சை வரைக்கும் என் தாள்களில் எல்லாம் அந்த அடித்தல் இருந்தது.

இன்னொன்று டம்ளர். பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் ஆத்தா, என்னைப் பெற்ற அம்மா, ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்திருந்தார். நான் பிறந்த பிறகு வாங்கியது, விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக என் பழைய விலாசமும் பேரும் வெட்டியிருக்கும். இரண்டாம் நாள் இங்கே உள்ள ஆத்தா பெட்டியைப் பிரித்து அடுக்கும்போது அதை எடுத்துவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தார். எனக்குப் பயம், திட்டப்போகிறார் என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தார். மறுநாள் காலையில் அதிலேயே எனக்குப் பால் கொடுத்தார். கடைசி வரைக்கும் எனக்கு அதில்தான் கொடுத்தார்.

பாத்திரக் கடையில் கொடுத்திருந்தால் பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டுப் புதுப் பேர் வெட்டிக் கொடுத்திருப்பார்கள். சீர்ப் பாத்திரம் முழுக்கப் பேர் வெட்டுகிற ஊர் இது. அவருக்குத் தெரியாததா? பன்னிரண்டு வருஷம் ஆண் பிள்ளைக்காகக் காத்திருந்தவர், தன் வீட்டுப் பேர் இல்லாத ஒரு பாத்திரத்தைத் தன் அடுப்படியிலேயே வைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது. வேறொரு பிள்ளையாக இருந்தவன்தான் தன் பிள்ளையாக வந்திருக்கிறான் என்பதை அவர் அழிக்கவில்லை.

பெற்ற ஆத்தாவிடம்தான் நான் சரியாக நடந்துகொள்ளவில்லை. வந்து இரண்டு வருஷம் கழித்து எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு அவர் வந்தார். ஒரு பெரியவர் என் காதோடு, "இனிமே சின்னாத்தான்னு கூப்பிடணும், தெரியுதா?" என்றார். எனக்கு அது வாயில் வரவில்லை. ஆத்தா என்று கூப்பிட்டால் வளர்க்கிற ஆத்தாவின் மனசு நோகும். ஆகவே எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாமல் பேசக் கற்றுக்கொண்டேன். "எப்ப வந்தீங்க?", "சாப்பிட்டீங்களா?", "போயிட்டு வாங்க". முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டிவிட்டேன். என் கல்யாணத்தில் அவர் காலில் விழுந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை கூட்டிப் போன பிறகு அந்த உறவு முடிந்தது என்று நானாக எனக்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு சமயம் வீட்டுப் பங்கு எழுதும்போது காரைக்குடியில் ஒரு வக்கீல் 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்தின் உறவுகள் அறுந்து, எடுத்த குடும்பத்தின் உறவுகள் வந்துவிடும் என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. முறையாகச் செய்த தத்தை ரத்து செய்ய முடியாது என்று இன்னொரு பிரிவு. நான் நினைத்தது சரிதான் என்று தலையாட்டினேன். "இருங்க, இன்னும் முடியலை" என்று வக்கீல் அதே 12ஆம் பிரிவின் பிற்பகுதியை வாசித்தார். பிறந்த வீட்டில் இருந்திருந்தால் எந்தப் பெண்ணைக் கட்டக் கூடாதோ அவளைத் தத்துப் போன பிறகும் கட்டக் கூடாது. தத்துக்கு முன்பே அவனுக்கென்று வந்துவிட்ட சொத்து அவனுக்கே இருக்கும், ஆனால் அந்தச் சொத்தோடு வந்த கடமைகளும் சேர்ந்தே இருக்கும், பிறந்த குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு உட்பட. உறவே அறுந்தது என்று எழுதிய கையோடு, இது இதெல்லாம் அறாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியே வந்து பஸ் ஏறுகிற வரைக்கும் எனக்கு அதே நினைப்பு.

மருமகனின் வகுப்பில் இந்தப் பிற்பகுதியைச் சொல்லவில்லை. அதுதான் என் வருத்தம்.

நம்மிடம் மாறுவதற்கான பேச்சே இல்லாமல் இல்லை. பழனிக்கு நடக்கிறவர் மாலை போட்ட நாளிலிருந்து அவர் பேர் சாமி. பெண்டாட்டி சாமி என்பாள், டீக்கடைக்காரர் சாமி என்பார், வேலை கொடுக்கிற முதலாளியும் சாமி என்பார். எத்தனையோ வருஷமாகக் குடித்தவர்கள் அந்த நாட்களில் தொடாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து தைப்பூசத்துக்குக் கிளம்பும்போது வழியில் தண்ணீர் கொடுக்கிற கிழவி, பேரன் வயதுப் பையனைச் "சாமி, குடிங்க சாமி" என்பாள். அந்தச் சொல் அவனைத் தாங்குகிறது. ஆனால் அந்தச் சொல்லை அவன் தனக்குத் தானே வைத்துக்கொள்வதில்லை, ஊர் கொடுக்கிறது. மாலையைக் கழற்றியதும் பழைய பேருக்குத் திரும்புகிறான். மாலை போட்ட காலத்தில் யாரும் அவனிடம், உன் பழைய கடன் செல்லாது என்று சொல்வதில்லை.

கண்ணதாசனையும் நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை கூட்டிப் போன எவனுக்கும் அவர் நினைவு வராமல் இருக்காது. 1927இல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, 7000 ரூபாய்க்குக் காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போய் நாராயணன் ஆனவர். கண்ணதாசன் என்பது அப்புறம் அவரே வைத்துக்கொண்ட பேர். மூன்று பேரில் வாழ்ந்தவர். கடவுள் இல்லை என்று மேடையில் பேசிய இயக்கத்தில் இருந்தார், 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியே வந்தார், பிறகு அர்த்தமுள்ள இந்து மதம் எழுதினார், இயேசு காவியமும் எழுதினார். இதைவிடப் பெரிய மாற்றம் ஒரு மனுஷனுக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் அந்தப் பழைய ஆள் வேறு யாரோ என்று அவர் சொல்லவில்லை. தன் குறைகளையும் சேர்த்து 'வனவாசம்' என்ற சுயசரிதையில் தானே எழுதி வைத்தார். எனக்கு அவரிடம் பிடித்தது பாட்டைவிட அதுதான்.

இன்னும் பழைய கதை பட்டினத்தாருடையது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர். நகரத்தாரும் தங்கள் பூர்வீகம் அந்த ஊர்தான் என்று சொல்வதால் எங்கள் வீடுகளில் இந்தக் கதையைச் சொந்தக்காரர் கதை மாதிரிச் சொல்வார்கள். வளர்ப்பு மகன் மருதவாணன் பெட்டியில் வைத்துவிட்டுப் போன காதற்ற ஊசியும் ஓலையும் அவரைத் துறவியாக்கின. வீடு, கப்பல், செல்வம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். எனக்குத் தெரிந்த கதைகளில் ஒரே நாளில் மாறியவர் அவர்தான். அவரே, உன் கடைசிக் காலத்தில் வருவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை வைத்திருந்தார். தாய் இறந்தபோது வந்து, பச்சை வாழை மட்டையை அடுக்கி, தானே தீ மூட்டினார் என்பது கதை. துறவிக்கு உறவு கிடையாது. வாக்கு மட்டும் இருந்தது. அப்பத்தா இந்த இடத்துக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

சரி, மருமகனிடம் வருகிறேன். மறுநாள் சாயங்காலம் வளவில் உட்கார்ந்திருந்தோம். அந்த டம்ளரில் அவனுக்குக் காபி கொடுத்தேன். விளிம்பில் விரல் பட்டதும் திருப்பிப் பார்த்தான். "இது யார் பேரு அம்மான்?" என்றான். இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு வந்து போகிறவன், அவனுக்கே தெரியாது. சொன்னேன். மஞ்சள் நீர், அரைப் பரீட்சை, புளி போட்டுத் தேய்த்தது எல்லாம். அப்புறம் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

2009இல் பெற்ற ஆத்தா மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். கண் பார்வை போய்விட்டது. நான் கட்டில் பக்கத்தில் போய் வழக்கம்போல எந்த முறையும் சொல்லாமல், "சாப்பிட்டீங்களா?" என்றேன். "யாரு?" என்று கேட்டார். குரல் அவருக்குப் பிடிபடவில்லை. எத்தனை தடவை போயிருப்பேன் இந்த 35 வருஷத்தில்? பத்துத் தடவை, பதினைந்து தடவை. என் குரலை அவருக்குப் பழக்கியிருந்தால்தானே. புதுப் பேரைச் சொல்லலாம், நாக்கில் வந்தது அதுதான். ஆனால் அந்தப் பேரை அவர் வைக்கவில்லை. அவர் வைத்த பேரைச் சொன்னேன். "ஆத்தா" என்றும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. என் மணிக்கட்டைத் தடவித் தடவி, சின்ன வயதில் கொக்கிக் கதவில் கிழிந்த தழும்பு இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். பதினெட்டு நாளில் இறந்துபோனார். கொள்ளி வைத்தது அண்ணன். நான் பங்காளிகளுக்குப் பின்னால் நின்றேன்.

இதைச் சொல்லிவிட்டு அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். "நீ மாறினது நிசம் தம்பி. நான் நம்புறேன். புதுப் பேரும் வச்சுக்க, நானே அதைச் சொல்லிக் கூப்பிடுறேன். ஆனா அந்தப் பையன் பணம் கொடுத்தது உன் பழைய பேருக்கு. அந்த ஆள் செத்துட்டான்னா அவன் யாருகிட்டப் போய்க் கேப்பான்? நீ குடிச்ச அந்த மூணு வருஷம் உன் பெண்டாட்டி யாருகூட இருந்தா? அதெல்லாம் யாருக்கோ நடந்ததுன்னு நீ சொன்னா, அவ பட்டதும் இல்லைன்னு ஆயிரும்ல?"

அவன் பதில் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். மறுநாள் காலைப் பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பினான். கோபித்துக்கொண்டானோ என்று ஆச்சி இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டாமோ என்று எனக்கும் இருந்தது. 47 நாளை நான் கெடுத்துவிட்டால்?

பதினோராம் நாள் ராத்திரி போன் வந்தது. குடிக்கவில்லை, 60 நாள் ஆகப்போகிறது என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

"அவனுக்குப் போன் போட்டேன் அம்மான். நம்பர் மாத்தியிருந்தேன்ல, அதனால அவனுக்குத் தெரியலை. யாருன்னு கேட்டான்."

"ம்."

"பழைய பேரைத்தான் சொன்னேன். ரொம்ப நேரம் அவன் பேசவே இல்லை. மாசம் பத்தாயிரம் போடுறேன்னு சொல்லியிருக்கேன்."